கைப்பேசி குப்பையன்று

(பொங்கற் பெருநாளை முன்னிட்டு ஊர்த் தமிழ்மன்றத்தில் நடந்த கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

    

பொங்கல் நெருங்கும் வேளையில் இம்மேடையேறும் தமிழாசிரியன் உழவின் சிறப்பையோ தைத் திங்களின் மாண்பையோ பேசுவான் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். ஆண்டுதோறும் நானும் அவற்றையே பேசி வந்தேன். இன்று அவற்றை விடுத்துப் பழைய கைப்பேசியைப் பற்றிப் பேசப் போகின்றேன். தமிழ்ப் புலவனுக்கும் பழைய கைப்பேசிக்கும் என்ன வழக்கு என நீங்கள் வினவலாம். வழக்கு உண்டு. அவ்வழக்கிலே குற்றவாளியாக நிற்பவனும் நானே.

சென்ற ஆண்டுப் போகியன்று விடியற்காலையில் எங்கள் தெருச் சிறுவர்கள் வீடுவீடாக வந்து கிழிந்த பாய், உடைந்த முறம், தேய்ந்த துடைப்பம் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டிருந்தனர். நான் நெடுநாளாகத் திறவாதிருந்த தகரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அதனுள் செல்லரித்த தேர்வுத்தாள்கள் கிடந்தன. கம்பி முறிந்த குடை கிடந்தது. அவற்றினிடையே பழைய கைப்பேசிகள் இரண்டும் கிடந்தன. ஒன்று பொத்தான் தேய்ந்தது. மற்றொன்று முதுகு உப்பியது. என்னிடம் ஏழாம் வகுப்பிற் பயிலும் மாணவன் வாயிலில் வந்து நின்றான். "எல்லாம் குப்பைதான், தம்பி! எடுத்துக்கொண்டு போ!" என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒரு சாக்கிலிட்டுக் கொடுத்தேன்.

அரைமணி நேரங்கூட ஆகியிராது. தெருமுனையில் வெடியோசை கேட்டது. ஓடிச் சென்று பார்த்தேன். உப்பியிருந்த கைப்பேசி தீயிலே வெடித்துச் சிதறியிருந்தது. கோலால் தீயைக் கிளறிக்கொண்டு நின்ற அம்மாணவனின் முன்கையிலே தணல் தெறித்துத் தோல் வெந்திருந்தது. முகத்துக்கும் கண்ணுக்கும் ஊறின்றித் தப்பினான். மறுநாள் அவனைக் காணச் சென்றபோது அவன் தாய் என்னை ஒரு சொல்லும் கடிந்திலர். அவன்தான் கட்டுப்போட்ட கையோடு எழுந்து நின்று, "ஐயா, குப்பை என்றுதானே கொடுத்தீர்கள்?" என்று கேட்டான்.

பெரியோர்களே! மாணவர் சொற்பிழை செய்தால் நான் சிவப்பு மையால் திருத்துவேன். நான் செய்த சொற்பிழையோ ஒரு சிறுவன் கையிலே வடுவாக நின்றுவிட்டது. அவன் கேட்ட வினாவுக்கு அன்று விடை சொல்ல இயலாமல் தலைகுனிந்து வந்தேன். இன்று உங்கள் முன்னிலையில் அவ்விடையைச் சொல்ல முயல்கின்றேன்.

குப்பை எது?

குப்பை என்பது குவித்து வைக்கப்பெறுவது. சிற்றூரில் பிறந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வீட்டின் பின்புறம் குப்பைமேடு இருக்கும். மாட்டுச் சாணம், வைக்கோற் கூளம், அடுப்புச் சாம்பல், உதிர்ந்த இலை, காய்கறித் தோல் யாவும் அங்கே சேரும். மழையிலும் வெயிலிலும் கிடந்து மக்கும். உழவு தொடங்குமுன் வண்டியில் ஏற்றி வயலில் கொண்டுபோய்க் கொட்டுவர். குப்பை அடித்தல் என்று உழவர் அதனைக் கூறுவர். ஆகவே நம் முன்னோர் வழக்கில் குப்பை என்பது இழிந்த பொருளன்று. நிலத்திலிருந்து வந்து நிலத்துக்கே திரும்பி, மீண்டும் நெல்லாக விளைவது அது.

கைப்பேசி அத்தகையதோ? அதனைக் குப்பைமேட்டில் இட்டால் மக்குமா? எருவாகுமா? பேரன் காலத்திலும் அது அப்படியே கிடக்கும். கிடந்தபடியே தன் நஞ்சைச் சிறுகச் சிறுக மண்ணிலும் நீரிலும் விடும். எருவாகும் பொருளுக்குரிய பெயரை எருவாகாத பொருளுக்குச் சூட்டினோம். பெயர் பிழைத்தது, பெயரைப் பின்பற்றிக் கையும் பிழைத்தது. குப்பை என்று வாய் சொன்னதும் கை தானே அதனைக் குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோகின்றது. மின்கழிவு என்னும் தனிச்சொல் இதற்கென இன்று வழங்குகின்றது. அச்சொல்லை ஏட்டில் எழுதுகிறோம், வீட்டில் வழங்குகின்றோமில்லை.

பழையன போக்கும் நாளாதலின் போக்கி என்பதே போகி ஆயிற்று என்பார் நம்முள் பலர். அங்ஙனமாயின் அச்சொல்லையே சற்று ஆழ்ந்து நோக்குங்கள். போ என்பது தன்வினை. போக்கு என்பது பிறவினை. ஒன்றைப் போக்குதலாவது அதனைப் போகச் செய்தல். போகச் செய்வதென்றால் எங்கே போகச் செய்வது என்னும் வினா உடனெழுகின்றதன்றோ? தெருவில் எறிதலும் தீயிலிடுதலும் போக்குதல் ஆகா. எறிந்தது மழைநீரோடு ஏரிக்குப் போகும். எரித்தது புகையாய் நம் பிள்ளைகளின் மூச்சுக்குள் போகும். சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ப்பிப்பதே போக்குதல்.

உள்ளே இருப்பது பொன்

சேரவேண்டிய இடம் யாதென அறிய, உள்ளே இருப்பது யாதென அறிதல் வேண்டும். கைப்பேசியின் உள்ளே பச்சை நிறத்தில் ஒரு சிறு பலகை இருக்கின்றது. அதிலே செம்பு உண்டு, வெள்ளி உண்டு, பொன்னும் உண்டு. அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறை 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, 10 இலக்கம் பழைய கைப்பேசிகளில் ஏறத்தாழ 16,000 கிலோ செம்பும், 350 கிலோ வெள்ளியும், 34 கிலோ பொன்னும், 15 கிலோ பல்லேடியமும் இருக்கும். அவ்வாறாயின் ஒரு கைப்பேசிக்கு 34 மில்லிகிராம் பொன். நம் பொற்கொல்லர் வழக்கிற் சொன்னால், நான்கு கைப்பேசிக்கு ஏறத்தாழ ஒரு குன்றிமணி எடைப் பொன். குப்பையிற் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது என்னும் பழமொழியை நாம் எத்தனை முறை சொல்லியிருக்கின்றோம்! இன்று மெய்யாகவே குன்றிமணிப் பொன்னைக் குப்பையில் எறிந்துகொண்டிருக்கின்றோம்.

இப்பொன்னின் அருமையை அறியக் கோலாரை நினையுங்கள். வடஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் பிற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் சென்ற ஏழைத் தமிழர் தலைமுறை தலைமுறையாக அங்கே மண்ணுக்குள் இறங்கினர். 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், வெம்மையிலும் கற்றூளிலும் உழன்று பொன் எடுத்தனர். நுரையீரல் கெட்டு மாண்டோர் பலர். எடுக்கும் பொன் செலவுக்குக் கட்டாமற்போகவே 2001 பிப்பிரவரித் திங்களில் அச்சுரங்கம் மூடப்பெற்றது. பொற்சுரங்கங்களில் 1,000 கிலோ கல்லை உடைத்தால் பெரும்பாலும் சில கிராம் பொன்னே கிட்டும். மேலே சொன்ன கணக்கின்படி, மின்கலம் நீக்கிய பழைய கைப்பேசிகள் 1,000 கிலோவில் ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். நம் உறவினர் உயிரைக் கொடுத்து எடுத்த பொருளை நாம் பெட்டிக்குள் பூட்டி மறக்கின்றோம், அன்றேல் தீயிலிடுகின்றோம்.

எடுக்க இயலுமா என ஐயுறுவீராயின் சப்பானியரைப் பாருங்கள். தோக்கியோவில் 2021இல் நடந்த ஒலிம்பிக் விளையாட்டுப் பதக்கங்களுக்காக, 2017 முதல் 2019 வரை அந்நாட்டு மக்களிடம் பழைய மின்பொருள்களைக் கேட்டுப் பெற்றனர். 62 இலக்கம் கைப்பேசிகளும் சிறு மின்பொருள்கள் ஏறத்தாழ 7.9 கோடி கிலோவும் சேர்ந்தன. அவற்றினின்று 32 கிலோ பொன்னும், 3,500 கிலோ வெள்ளியும், 2,200 கிலோ வெண்கலமும் பிரித்தெடுத்து, ஏறத்தாழ 5,000 பதக்கங்களையும் அவற்றாலேயே செய்தனர். பொதுமக்கள் அஞ்சலகத்திலும் கடையிலும் வைத்த பெட்டிகளில் இட்ட பொருள்தான் உலக வீரர்களின் மார்பிலே ஒளிர்ந்தது.

உள்ளே இருப்பது நஞ்சு

பொன் இருக்கும் அதே பலகையில் நஞ்சும் இருக்கின்றது. பழைய கைப்பேசிகளின் பற்றாசில் காரீயம் உண்டு. பலகையும் நெகிழி உறையும் தீப்பற்றாதிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்கள், எரிக்கும்போது 'டையாக்சின்' என்னும் கொடுநஞ்சைப் பிறப்பிக்கும். மின்கலத்தில் உள்ள இலித்திய உப்பு எரிந்தால் மூச்சுக்குழலை அரிக்கும் வளி எழும். காரீயம் சிறுவர்க்கே பெருந்தீங்கு. வளரும் மூளையைக் குன்றச் செய்யும். தீங்கற்ற அளவென்று காரீயத்துக்கு எவ்வளவும் இல்லை என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிபு.

சீனத்தில் குய்யூ என்றோர் ஊர். உலகின் பல நாட்டு மின்கழிவு அங்கே குவிந்தது. வீட்டு முற்றத்தில் பலகைகளை அடுப்பில் வாட்டிப் பற்றாசை உருக்கினர். கடுங்காடியில், அதாவது அமிலத்தில் இட்டுப் பொன்னைப் பிரித்தனர். அவ்வூர்ச் சிறுவர் 165 பேரின் குருதியை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். பத்தில் எண்மர்க்குக் காரீயம் வரம்பு மீறியிருந்தது. ஆப்பிரிக்கக் கானா நாட்டின் தலைநகரில் அக்பொக்புளோசி என்னும் இடத்தில் இளைஞர் கம்பிகளைக் கொளுத்திச் செம்பு எடுத்தனர். 2021இல் அவ்விடம் இடித்து அகற்றப்பெறும் வரையும் அங்கே கரும்புகை ஓயவில்லை. தில்லியின் சீலம்பூரும் இத்தொழிலுக்குப் பெயர்போனது. இவ்விடங்களில் உழல்வோர் யாவரும் ஏழையர். நாம் எறிந்ததன் விலையைத் தம் உடம்பாற் செலுத்துவோர் அவர்.

உலகம் முழுதும் 2022ஆம் ஆண்டில் மட்டும் 6,200 கோடி கிலோ மின்கழிவு சேர்ந்ததென்றும், அதில் 22.3 விழுக்காடே முறையாகத் திரட்டிப் பிரித்ததாகப் பதிவாகியதென்றும் ஒன்றிய நாடுகள் அவையின் சார்பில் 2024இல் வந்த அறிக்கை கூறும். எஞ்சியது எங்கே என்பீர்களா? என் தகரப்பெட்டி போன்ற பெட்டிகளிலும், கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பைக்கிடங்குகளிலும், ஏழையர் அடுப்பிலும் தேடுங்கள்.

பழைய இரும்புக்காரர்

'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு மிதிவண்டியில் வருவாரை நாம் அறிவோம். அவர் போகுமிடத்தைக் காயலான்கடை என்கின்றோம்; காயல்பட்டினத்து வணிகரால் வந்த பெயர் அது என்பர். அவர்கள்மேல் குற்றஞ் சுமத்த நான் வந்திலேன். சட்டம் தோன்றுமுன்னரே எறிந்த பொருளைத் திருப்பி ஆலைக்கு அனுப்பி இந்நாட்டுக்கு நலஞ்செய்தவர் அவர். இரும்பும் பித்தளையும் செய்தித்தாளும் அவர்க்கே கொடுங்கள். விலைபேசி அடிக்காமல் கொடுங்கள். ஆயின் கைப்பேசியையும் மின்கலத்தையும் அவரிடம் தராதீர்கள். புகைபோக்கியும் நச்சு வடிகட்டியும் மூடிய உலையும் அவரிடத்தில் இல்லை. அவற்றை உடைத்து எரிப்பவர் பெரும்பாலும் அவர்தம் பிள்ளைகளாகவே இருப்பர்.

சட்டம் சொல்வது

இந்திய ஒன்றிய அரசு 2011இல் மின்கழிவுக்கெனத் தனி விதிகள் வகுத்தது, 2016இல் புதுக்கியது, 2022இல் மீண்டும் வகுத்தவை 2023 ஏப்பிரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தன. மின்கலங்கட்கும் அதே 2022இல் தனி விதிகள் வந்தன. இவற்றின் உயிர்நாடி ஒன்றே: பொருளைச் செய்து விற்றவனே அதன் முடிவுக்கும் பொறுப்பாவான். முன்னர்ச் சந்தையில் விட்ட பொருளின் அளவைக் கணக்கிட்டு, 2023-24இல் அதில் 60 விழுக்காடும், 2025-26இல் 70 விழுக்காடும், 2027-28 முதல் 80 விழுக்காடும் பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைகள்வழி மீட்கப்பெறச் செய்தல் அவன் கடன்.

விற்றவனுக்குக் கடமை உண்டென்றால் வாங்கிய நமக்குக் கேட்கும் உரிமை உண்டு. புதுக் கைப்பேசி வாங்கும் கடையிலே, 'பழையதை எங்கே ஒப்படைப்பது?' என்று கேளுங்கள். கைப்பேசி நிறுவனங்கள் பலவும் தம் பழுதுபார்ப்பு நிலையங்களில் அவற்றைப் பெறுகின்றன. பதிவுபெற்ற ஆலைகளின் பட்டியல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கிடைக்கும். ஆயினும் சட்டம் நம் வீட்டுக்குள் வந்து தகரப்பெட்டியைத் திறவாது. அதனைத் திறக்க வேண்டியவர் நாமே.

செய்ய வேண்டுவன

முதலாவது, போக்குதற்கு முன் காத்தல். ஒரு கைப்பேசியால் உலகுக்கு நேரும் கேட்டின் பெரும்பகுதி, அதனைச் செய்யும்போதே நேர்ந்துவிடுகின்றது. ஆகவே அதன் வாழ்நாளை நீட்டுவதே தலையாய அறம். மின்கலம் தளர்ந்தால் மின்கலத்தை மாற்றுங்கள். கண்ணாடி உடைந்தால் கண்ணாடியை மாற்றுங்கள். சென்னை ரிச்சி தெருவிலும் ஒவ்வோர் ஊர்க் கடைத்தெருவிலும் பழுதுபார்க்கும் கைவினைஞர் இருக்கின்றனர். அவர்களை வாழவைப்பதும் நம் கடனே. அண்டை வீட்டான் புதிது வாங்கினான் என்பது நாம் புதிது வாங்குதற்குக் கரணியமாகாது.

இரண்டாவது, இயங்கும் கைப்பேசியை வேண்டுவோர்க்குக் கொடுத்தல். கொடுக்குமுன் உள்ளிருப்பதைத் துடைத்தல் வேண்டும். நம் படங்கள், மடல்கள், வங்கிக் கணக்கு யாவும் அதனுள் இருக்கின்றன. வேண்டுவனவற்றைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். வங்கிச் செயலிகளை நீக்குங்கள். மின்னஞ்சல் முதலிய கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். வெளியேறாவிடின் வாங்கியவர் திறக்க இயலாமற் பூட்டிக்கொள்ளும். பின்னர் அமைப்புப் பகுதியில் உள்ள முழு அழிப்பைச் செய்து, ஆலையிலிருந்து வந்த நிலைக்குக் கொணருங்கள். செறிவட்டையையும் (சிம்) நினைவட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணையே விட்டுவிடுவதாயின் வங்கியிலும் ஆதாரிலும் புது எண்ணை முன்னரே பதிந்துவிடுங்கள். விட்ட எண் சில திங்களுக்குப் பின் வேறொருவர்க்குப் போய்விடும்.

மூன்றாவது, இயங்காததை ஒப்படைத்தல். மின்கலம் கழற்றத்தக்கதாயின் கழற்றி, அதன் முனைகளை ஒட்டுப்பட்டையால் மூடுங்கள். உள்ளே பொதிந்ததாயின் நெம்பாதீர்கள், குத்தாதீர்கள். உப்பிய மின்கலத்துக்கு மின்னேற்றவே கூடாது. மண்சட்டியில் உலர்ந்த மணல் இட்டு அதன்மேல் வைத்து, எரியும் பொருள் எதுவும் அருகில் இன்றிப் பார்த்துக்கொண்டு, காலந்தாழ்த்தாது ஒப்படையுங்கள். மின்னேற்றியும் செவிப்பொறியும் அவற்றின் கம்பியும்கூட மின்கழிவே. ஒப்படைக்கும்போது பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். சீட்டுத் தர மறுப்போரிடம் பொருளைத் தராதீர்கள்.

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

இம்மன்றத்தார் பொங்கலுக்கு முன் பத்து நாள் வாயிலில் ஒரு பெட்டி வைத்தல் வேண்டும். உப்பியவற்றைப் பெட்டியில் இடவிடாமல் மணற்சட்டியில் தனியே வைக்க ஒருவர் காவல் இருக்கட்டும். வருவனவற்றைக் குறிப்பேட்டில் பதிவோம். போகிக்கு முதல் நாள் இருவர் கொண்டுசென்று பதிவுபெற்ற இடத்தில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கி வருவர். அச்சீட்டைப் பொங்கல் மேடையிலே படித்துக் காட்டுவோம். எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் இசைவோடு இதனைத் தொடங்கிவிட்டோம். குறிப்பேட்டை எழுதுபவன் யார் தெரியுமா? கையிலே வடுவுடைய அம்மாணவனே. பெட்டியின்மேல் என்ன எழுதலாம் என்று அவனையே கேட்டேன். சற்று எண்ணிப் பார்த்து, "இது குப்பை அன்று" என்று எழுதினான்.

அயற்பொருள் ஒன்று வந்தது. அதற்குக் கைப்பேசி எனத் தமிழ்ப்பெயர் சூட்டினோம். அது நல்ல பணியே. ஆயின் பெயர் சூட்டியவன் பிள்ளையைத் தெருவில் விடலாகாது. உடைமை என்பது பொருளின் முதலுக்கு மட்டும் உரியதன்று, முடிவுக்கும் உரியது. இவ்வாண்டுப் போகியில் பாய் எரியலாம், முறம் எரியலாம். கைப்பேசி எரியும் புகை ஒரு தெருவிலும் எழாதிருக்கட்டும். அதுவே அம்மாணவனுக்கு நான் சொல்லும் விடை. என் பிழைக்கு நான் செய்யும் திருத்தம்.